வேலூர் வெயிலும் ஹேண்டில்பாரில் மாட்டிய போனும்

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பிய நாளோடு மூன்றாவது செல்லாமல் போயிற்று. முதல் இரண்டும் இன்றும் கோடையில் ஊரைச் சுடுகின்றன. மணலாகக் கிடக்கும் பாலாறும் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறைகளும் பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்து, இருட்டிய பிறகும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சென்னையை மதியத்தில் தணிக்கும் கடற்காற்று 140 கிலோமீட்டர் உள்ளே வந்து சேர்வதற்குள் ஓய்ந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. 42, 43 தொடும் நாட்களும் வரும். அதுவும் தரையிலிருந்து ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கீழே, நிழல்கூண்டுக்குள் வைத்து அளந்த வெப்பம். வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 60 டிகிரியைச் சாதாரணமாகக் கடக்கும்.

இந்த ஊரில் போன் வாங்குகிறவரும் பைக் ஓட்டுகிறவரும் டயருக்குக் காற்றடிக்கிறவரும் முதலில் பார்க்க வேண்டிய எண் டிகிரி செல்சியஸ்தான். மெகாபிக்சலும் சிசியும் அதற்குப் பிறகு. போன் விமர்சனங்கள் பெரும்பாலும் ஏசி அறையில் எடுக்கப்படுகின்றன. பெட்டியில் எழுதியிருக்கும் திரை வெளிச்சமும் சார்ஜ் வேகமும் 25 டிகிரியை ஒட்டிய அறையில் கிடைப்பவை. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் பயன்பாட்டு வரம்பு 0 முதல் 35 டிகிரி. அதாவது மே மாதத்தில் காட்பாடி மேம்பாலத்தில் நிற்கும்போது, போனை இன்னும் பையிலிருந்து எடுக்காமலே வரம்பைத் தாண்டியாயிற்று.

ஹேண்டில்பாரில் மாட்டிய போனுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,000 வாட் வெப்பம் விழுகிறது. போன் 16 சென்டிமீட்டர் நீளம், ஏழரை சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 0.012 சதுர மீட்டர். வெயிலுக்கு நேராக நின்றால் அதன்மேல் 12 வாட் இறங்குகிறது. கறுப்புத் திரை அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். வெயிலில் எழுத்துத் தெரிய வேண்டுமென்று திரை முழு வெளிச்சத்துக்குப் போகிறது. ஜிபிஎஸ், மொபைல் டேட்டா, மேப் எல்லாம் சேர்ந்து இன்னொரு மூன்று, நான்கு வாட். சார்ஜரையும் செருகியிருந்தால் பேட்டரிக்குள் ஏறும் மின்சாரத்தில் ஒரு பகுதி சூடாக வீணாகும். கேபிள் இல்லாத வயர்லெஸ் மவுன்ட் என்றால் வீணாகும் பங்கு இன்னும் அதிகம். இவ்வளவு சூட்டையும் ஓர் உள்ளங்கை அளவுக் கண்ணாடிப் பலகை, ஏற்கெனவே 42 டிகிரியில் இருக்கும் காற்றிடம்தான் இறக்கிவைக்க வேண்டும்.

வண்டி ஓடும்போது காற்று வேகமாக அடிப்பதால் போன் ஓரளவு தாங்கும். அப்போதும் காற்றைவிடப் பத்து டிகிரி சூடாக நிற்க எல்லா வாய்ப்பும் உண்டு. நிலைமையைக் கெடுப்பது சிக்னல்தான். கிரீன் சர்க்கிளில் இரண்டு நிமிடம் நின்றால் காற்று நின்றுவிடுகிறது, எஞ்சின் சூடு மேலே எழும்பி வருகிறது, வெயில் மட்டும் அப்படியே இருக்கிறது. மழைக்காக வாங்கிய, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போனைப் போட்டு மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளிச்சம் உள்ளே போகும், காற்று போகாது. அந்த உறையைக் கோடையில் கழற்றி வீட்டில் வைத்துவிடுவது நல்லது.

முதலில் திரை தானாக மங்கும். பலர் பிரைட்னஸைக் கையால் ஏற்றப் பார்ப்பார்கள், ஏறாது. அடுத்து மேப் தடுமாறும். பிறகு சார்ஜ் ஏறாமல் நிற்கும். கடைசியில் "போன் குளிர்ந்த பிறகு பயன்படுத்தவும்" என்ற அறிவிப்போடு திரை மூடிக்கொள்ளும். இவற்றில் சார்ஜ் நிற்பதைத்தான் மக்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். லித்தியம் அயான் செல்லுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வைக்கும் சார்ஜிங் வரம்பு 45 டிகிரி. சார்ஜ் இறங்குவதற்கு 60 வரை அனுமதி உண்டு, ஏறுவதற்கு இல்லை. பேட்டரி 45ஐ நெருங்கியதும் போன் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை மறுக்கிறது. வண்டிக்காரர் கேபிள் போய்விட்டது என்று நினைத்து லாங் பஜாரில் புதுக் கேபிள் வாங்குகிறார். அதிலும் ஏறவில்லை என்றதும் சார்ஜரை மாற்றுகிறார். போனை நிழலில் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு அதே பழைய கேபிளைச் செருகியிருந்தால் ஏறியிருக்கும்.

சில ஆண்ட்ராய்டு போன்களில் டயலரில் *#*#4636#*#* என்று அடித்தால் பேட்டரி விவரத்தில் அதன் வெப்பநிலை தெரியும். ஒருமுறை மதியப் பயணத்துக்குப் பிறகு பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், உங்கள் போனின் நிலவரம் புரியும். 45க்கு மேல் அடிக்கடி போகும் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். 100 சதவீதம் நிரம்பிய நிலையில் சூடாகக் கிடப்பதுதான் அதற்கு மிகக் கெடுதல். பேட்டரி நிரம்ப நிரம்ப உள்ளே மின்னழுத்தம் கூடுகிறது. கூடிய அழுத்தமும் சூடும் சேரும்போது உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. பின்மூடி லேசாக உப்பி நின்றால், அல்லது திரையின் ஓரம் தூக்கினால், அந்தப் போனை அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்த வேண்டும். அமுக்கி உள்ளே தள்ளுவது, ஊசியால் குத்தி வாயுவை விடுவது இரண்டும் தீயில் முடியும்.

சூடேறிய போனை ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேண்டாம். வெளியே எடுத்ததும் ஐஸ் டம்ளர் வியர்ப்பது போலப் போனும் வியர்க்கும், உள்பக்கமும் சேர்த்து. கவரைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே தரையில் வைத்தால் போதும். சிவப்பு ஆக்ஸைடு பூசிய தரை இதற்கு நல்ல இடம்.

ஸ்கூட்டர் டிக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் ஸ்கூட்டரில் டிக்கிக்கு நேர் கீழே எஞ்சின் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலோ கலெக்டர் ஆபீஸ் வாசலிலோ வண்டியை வெயிலில் நிறுத்தி, போனையும் பவர் பேங்கையும் டிக்கியில் பூட்டிவிட்டுப் போவது, அவற்றை அடுப்பின்மேல் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். வண்டியை நிறுத்திய பிறகுதான் எஞ்சின் சூடு மேலே ஏறும், காற்றோட்டமும் அப்போது இருக்காது. பவர் பேங்க்கை மட்டுமாவது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அப்படியானால் வழி பார்ப்பது எப்படி? காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை, போன் சட்டைப் பையிலோ பேகிலோ இருக்கட்டும், காதில் குரல் மட்டும் வரட்டும் என்பதே இந்த ஊருக்குச் சரியான வழி. கூகுள் மேப் இந்தியாவில் இரு சக்கர வாகனத்துக்கென்று தனி வழிகாட்டலை 2017 டிசம்பரில் கொண்டுவந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டலைத் தொடங்கி, திரையை அணைத்துவிட்டாலும் குரல் தொடரும். ஒரு காதுக்கு மட்டும் புளூடூத் போதும், மற்றக் காது லாரிக்குத் தேவை. கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிகளை ஆஃப்லைன் மேப்பாக இறக்கிவைத்துக்கொண்டால், ஜவ்வாது மலைப் பக்கம் சிக்னல் தேடித் தேடிப் போன் சூடேறுவது குறையும். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் அதிக சக்தியில் டவரைக் கூப்பிடும், அதுவும் சூடுதான். அங்கே 5ஜியை அணைத்து 4ஜியில் நிறுத்துவது நல்லது. சட்டமும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகன விதித் திருத்தம், வண்டி ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி அறிய மட்டுமே, கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது.

வெயில் போன்களை மெதுவாகக் கெடுக்கிறது. அதிர்வு ஒரே பயணத்தில் கேமராவைக் கெடுத்துவிடக்கூடும்.

இப்போதைய போன்களின் முக்கியக் கேமராவில் ஓஐஎஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. கை நடுங்கினாலும் படம் கலங்காமல் இருக்க, லென்ஸை மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டு, சுற்றிலும் காந்தமும் கம்பிச்சுருளும் வைத்திருக்கிறார்கள். கை ஒரு பக்கம் அசைந்தால் காந்தவிசை லென்ஸை எதிர்ப்பக்கம் நகர்த்தும். கேமரா அணைந்திருக்கும்போது இந்தக் காந்தப் பிடிப்பு இருக்காது, லென்ஸ் ஸ்பிரிங்கில் சும்மா ஆடும். போனை ஆட்டினால் உள்ளே கடகடவென்று கேட்பது அதுதான், பழுதல்ல. தொங்கும் எந்தப் பொருளுக்கும் அதற்கே உரிய ஒரு ஆட்ட வேகம் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலே போதும் என்பது போல, எஞ்சின் அதிர்வு அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் லென்ஸ் அளவுக்கு மீறி அடித்துக்கொள்ளும். எஞ்சின் 4,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 67 முறை அதிர்கிறது, 6,000இல் 100 முறை, 8,000இல் 133 முறை. ஆம்பூரிலிருந்து வேலூர் வரை நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் வந்தால் முக்கால் மணி நேரம் ஒரே அதிர்வெண்ணில் அந்த ஸ்பிரிங் அடி வாங்குகிறது. நகரத்துக்குள் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பாதிப்பு குறைவு.

2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே இதைப் பற்றி எழுதி வெளியிட்டது. சக்தி மிகுந்த மோட்டார்சைக்கிள்களின் ஹேண்டில்பார் வழியாக வரும் அதிர்வு ஓஐஎஸ், ஆட்டோஃபோகஸ் இரண்டையும் பாதிக்கலாம், அப்படிப்பட்ட வண்டிகளில் ஐபோனை மாட்ட வேண்டாம் என்பது அதன் அறிவுரை. மொபெட், ஸ்கூட்டர் போன்றவற்றில் மாட்டுவதாக இருந்தால் அதிர்வைத் தணிக்கும் மவுன்ட் வேண்டும் என்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஓஐஎஸ் இருந்தால் அதற்கும் இதே இயற்பியல்தான்.

சேதம் ஆகிவிட்டதா என்று பார்க்க, கேமராவைத் திறந்து 1 மடங்கு ஜூமில் ஒரு காலண்டரைப் பாருங்கள். படம் தானாக நடுங்கினால், எழுத்து அலை அலையாக நெளிந்தால், பின்பக்கம் மெல்லிய ரீங்காரம் கேட்டால் ஓஐஎஸ் போய்விட்டது. உடனே 0.5 மடங்குக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் அந்த அகலக் கேமராவில் ஓஐஎஸ் கிடையாது. அது தெளிவாக இருந்து, 1 மடங்கு மட்டும் நடுங்கினால் சந்தேகமே வேண்டாம். இதற்கு சாஃப்ட்வேர் வைத்தியம் இல்லை. ரீசெட் அடிப்பதால் போட்டோக்கள் அழியும், நடுக்கம் போகாது. கேமரா மாட்யூலையே மாற்ற வேண்டும்.

மாட்டித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள், டெலிவரி வேலை செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல யோசனை, ஓஐஎஸ் இல்லாத, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனை மவுன்ட்டில் வைத்து, புதுப் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைப்பது. மேப் பார்க்க பழைய போன் தாராளம். மவுன்ட்டை வைக்கும் இடமும் முக்கியம். ஹேண்டில்பாரின் நடுவில், கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தை ஒட்டி அதிர்வு மிகக் குறைவு. கைப்பிடியை நோக்கிப் போகப் போகக் கூடும். சைடு மிரர் கம்பியில் மாட்டுவது எல்லாவற்றிலும் மோசம், அந்தக் கம்பி நெம்புகோல் போல அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கிறது. மிரரில் தெரியும் உருவம் எந்த வேகத்தில் கலங்குகிறதோ, அந்த வேகத்தில்தான் போனும் அடி வாங்கும். அதுவே நல்ல அளவுகோல். சாதாரண பைக்குகளின் ஹேண்டில் குழாய் 22 மில்லிமீட்டர், தடித்த டேப்பர் ஹேண்டில் 28.6 மில்லிமீட்டர். அளவு பொருந்தாத கிளாம்ப்புக்குள் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி இறுக்குவார்கள். பிடிப்பதற்கு அது உதவும், அதிர்வைத் தணிப்பதற்கு அது போதாது. ரப்பர் குமிழ்கள் மேல் போன் தட்டு தனியாக மிதக்கும்படி செய்த டேம்பர்தான் வேண்டும்.

ஒற்றை சிலிண்டர் வண்டிகளிலும் வித்தியாசம் உண்டு. பேலன்சர் ஷாஃப்ட் இருந்தால் பிஸ்டனின் ஆட்டத்துக்கு எதிராக ஒரு எடை சுழன்று அதைக் கணிசமாகத் தணிக்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்கு 2021இல் வந்த புது எஞ்சினில் அது இருக்கிறது, அதற்கு முந்தைய 350இல் இல்லை. பழைய வண்டியில் போன் மாட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

சார்ஜருக்கு வயர் இழுப்பதில் நடக்கும் தவறுகளைத் தனியாகவே சொல்ல வேண்டும். 10 வாட் சார்ஜர், வண்டியின் 12 வோல்ட் பக்கத்திலிருந்து ஒரு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அது பெரிய சுமை இல்லை. ஆனால் நேராகப் பேட்டரியில் மாட்டிவிட்டால், போன் இல்லாதபோதும் சார்ஜருக்குள் இருக்கும் சர்க்யூட்டும் அதில் எரியும் நீல விளக்கும் பத்து மில்லி ஆம்பியர் அளவு குடித்துக்கொண்டே இருக்கும். நாளைக்கு கால் ஆம்பியர் ஹவர். ஸ்கூட்டரில் இருப்பது 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால், ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வரும்போது செல்ஃப் அடிக்காது. அதனால் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு, மூன்று ஆம்பியர் இழுக்கும் வேக சார்ஜர் என்றால் ரிலே வையுங்கள், சாவி வயரின் சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச் அது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எழுதிய முனைக்கு, 87இலிருந்து சார்ஜருக்கு, 86க்குச் சாவி வயர், 85க்கு நெகட்டிவ். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், சார்ஜர் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசினால் அது காப்பாற்றாது. நெகட்டிவைப் பெயின்ட் அடித்த ஃபிரேம் போல்ட்டில் கொடுக்காமல் பேட்டரிக்கே கொண்டுபோங்கள். கட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். கழுத்துப் பகுதியில் வயர் இழுபட்டால் ஆறு மாதத்தில் அங்கேதான் அறுந்து ஷார்ட் ஆகும். மல்டிமீட்டர் இருந்தால், எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்து பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வருகிறதா பாருங்கள். குறைந்தால் சார்ஜர் மாட்டும் முன் சரிசெய்ய வேண்டியது வேறு.

இப்போது டயர். வெயிலை எண்ணாக எடுத்துக்கொள்வதை ரேஸ்காரர்களிடம் கற்க வேண்டிய இடம் இதுதான்.

உலக மோட்டார்சைக்கிள் பந்தயமான மோட்டோஜிபியின் விதிகளில் முன்டயருக்குக் குறைந்தபட்சக் காற்றழுத்தம் என்று ஒன்று உண்டு. 2023இல் 1.88 பார் (காற்றழுத்த அலகு), 2024இலிருந்து 1.80 பார். நம் பஞ்சர் கடைக் கணக்கில் 26 பிஎஸ்ஐ. இது டயர் ஓடிச் சூடான நிலையில், சக்கரத்துக்குள் இருக்கும் சென்சார் அனுப்பும் அளவு. பிரதான ரேஸில் 60 சதவீதச் சுற்றுகளுக்காவது இதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 16 வினாடி தண்டனை. தனியாக முன்னே ஓடுகிறவருக்குக் குளிர்ந்த காற்று கிடைப்பதால் டயர் அழுத்தம் இறங்கும். இன்னொரு பைக்கின் பின்னால் ஒட்டி ஓடினால் அதன் சூட்டில் அழுத்தம் ஏறும். மிகவும் ஏறினால் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் வழுக்கும். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராமில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ், ஏழாவது சுற்றில் வேகத்தைக் குறைத்துத் தம்பி அலெக்ஸை முன்னே விட்டார். முன்டயர் அழுத்தம் குறைந்தபட்சத்துக்குக் கீழே இருந்ததுதான் காரணம். தம்பியின் பின்னால் பல சுற்றுகள் ஓடி டயரைச் சூடாக்கிக்கொண்டு, மூன்று சுற்று மிச்சம் இருக்கையில் முந்தி ஜெயித்தார். உலகத்தின் வேகமான ஆட்கள் டயரில் ஒரு சின்ன அழுத்த வித்தியாசத்துக்காகப் பந்தயத்தின் போக்கையே மாற்றுகிறார்கள். 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் நடந்த இந்திய மோட்டோஜிபியை, சூட்டை முன்னிட்டு 24 சுற்றிலிருந்து 21 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் இரண்டாவதாக வந்த ஹோர்ஹே மார்ட்டின் நீரிழப்பால் துவண்டு போனார். வேலூரிலிருந்து அதே பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் போனால் வரும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், 3.7 கிலோமீட்டர் சுற்றில் ஓடுகிறவர்களும் பிஎஸ்ஐ மீட்டரைக் கையிலேயே வைத்திருப்பார்கள்.

நம் ஊரில் கோடை வந்ததும் சொல்லப்படும் பேச்சு, "வெயில்ல டயர் வெடிச்சிடும், காத்து கம்மியா வைங்க" என்பது. இது தலைகீழான அறிவுரை. கணக்கைப் பாருங்கள். காலையில் 30 டிகிரியில் பின்டயருக்கு 28 பிஎஸ்ஐ வைக்கிறீர்கள். மதியம் ஓடிச் சூடாகி உள்காற்று 60 டிகிரிக்குப் போனால் மீட்டர் 32 காட்டும். நான்கு பிஎஸ்ஐ கூடுவது இயல்பு. வண்டித் தயாரிப்பாளர் அதை எதிர்பார்த்துத்தான் குளிர்ந்த நிலைக்கு 28 என்று எழுதியிருக்கிறார். இப்போது பயந்துபோய் 28க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் மீட்டரில் 24தான் இருக்கும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கல் ரப்பரைச் சூடாக்குகிறது. பின்னால் ஒருவரும் மடியில் ஒரு அரிசி மூட்டையும் என்றால் பக்கச்சுவர் அங்கேயே பிளக்க வழி ஆகிறது. வெயிலில் வெடித்ததாகச் சொல்லப்படும் டயர்களில் பலவற்றின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

செய்ய வேண்டியது எளிது. வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு, வெயில் படுவதற்கு முன் பார்க்க வேண்டும். பங்க் இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் அங்கே போய்ப் பார்த்தாலும் சரி. செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தனியாகப் போக ஓர் எண், இருவர் போக ஓர் எண் இருக்கும். இருவர் போகிறீர்கள் என்றால் இரண்டாவதை வையுங்கள். சூடான டயரில்தான் பார்க்க முடிகிறது என்றால் ஸ்டிக்கர் எண்ணோடு நான்கு கூட்டி வைக்கலாம். நைட்ரஜன் அடித்தால் சூட்டில் ஏறாது என்பதும் சரியில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், இரண்டும் சூட்டுக்கு ஒரே விதமாக விரியும்.

டயரை விட்டு பிரேக்குக்கு வந்தால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு மிகக் குறைவு, முழுப் பாரமும் பிரேக்கில். லீவரைத் தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, இடையில் விட்டுவிட வேண்டும். டிஸ்க் வண்டியில் டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்துப் பழசான பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள்.

கடைசியாக, இந்த மாவட்டத்தார் கவனமாகப் படிக்க வேண்டியது மின்ஸ்கூட்டர் பற்றி. ராணிப்பேட்டையில் ஆம்பியர் என்ற பெயரில் மின்ஸ்கூட்டர்கள் தயாராகின்றன, ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் பெரிய ஆலைகள் இருக்கின்றன. தெருவுக்கு இரண்டு வண்டி என்று ஆகிவிட்டது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜுக்குப் போட்டிருந்த ஒரு மின்வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீவிபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். 2022 டிசம்பரில் ஒரு கட்டம், 2023 மார்ச் இறுதியில் அடுத்த கட்டம் நடைமுறைக்கு வந்தது. வாங்கும்போது அந்த வண்டி இரண்டாம் கட்ட விதிப்படி சான்று பெற்றதா என்று கேளுங்கள். பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையா என்றும் கேளுங்கள். அதே எடைக்குத் தூரம் சற்றுக் குறையும், சூட்டைத் தாங்கும் திறன் அதிகம். இந்த வெயிலுக்கு அது நல்ல பேரம்.

மதியம் ஓட்டிவிட்டு வந்த வண்டியை உடனே சார்ஜில் போடக் கூடாது. நிழலில் முக்கால் மணி நேரமாவது ஆறட்டும். ராத்திரி பதினொன்றுக்குப் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கிவிடுவதைவிட, விடியற்காலையில் யாராவது விழித்திருக்கும் நேரத்தில் போடுவது மேல். காற்றும் அப்போதுதான் குளிர்ந்திருக்கும். வண்டியுடன் வந்த சார்ஜர்தான், எர்த் உள்ள பிளக்தான், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், வீட்டுக்கு ஒரே வாசல் என்றால் அந்த வாசலில், நடையில், மாடிப்படியின் கீழே சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர அதுதான் வழி. பேட்டரியிலிருந்து புஸ்ஸென்ற சத்தமோ வெள்ளைப் புகையோ வந்தால், பிளக்கைப் பிடுங்கக் கிட்டே போகாமல், கைக்கு எட்டினால் மெயின் ஸ்விட்சை அணைத்து, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து கதவைச் சாத்திவிட்டு 101ஐயோ 112ஐயோ அழையுங்கள். அந்தப் புகை விஷம். தீ அணைந்தது போல இருந்தாலும் உள்ளே சூடு இருக்கும்வரை மறுபடி பற்றும், அதனால் தீயணைப்பு வீரர்கள் நிறையத் தண்ணீர் விட்டுக் குளிரவைப்பார்கள். அவர்கள் சொல்லும் வரை அந்த வண்டியைத் தொடாதீர்கள், நிழலுக்குத் தள்ளிவைக்கவும் முயல வேண்டாம்.